குன்றுக்கு அந்தப் பக்கம்

ஆல்ட்டோ விழுந்துவிட்டான். சறுக்குப் பலகை பாறையில் தட்டி, குப்புற. வேறு செல்போன் கேமாக இருந்தால் இந்த இடத்தில் இசை நின்று ஒரு பெட்டி எழும்பும். எத்தனை மீட்டர் போனாய், எத்தனை காசு சேர்த்தாய், பழைய சாதனையை உடைக்க இன்னும் எவ்வளவு பாக்கி என்று கணக்குப் பார்க்கும். அரை நிமிட விளம்பரம் பார்த்தால் இன்னோர் உயிர் தருகிறேன் என்று பேரம் பேசும். இங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை. திரையைத் தொட்டேன். விழுந்த இடத்திலேயே எழுந்து, மறுபடி சரிவில் இறங்கத் தொடங்கினான். பின்னால் அடுக்கடுக்காக மலைகள். சூரியன் சாய்ந்துகொண்டிருந்தது. சற்று நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மழையில் நனைந்ததற்கும் மதிப்பெண் கிடையாது.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் மகள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "இதுல எப்பப்பா வின் பண்ணுவ?"

நியாயமான கேள்வி. 'ஆல்ட்டோஸ் அட்வென்ச்சர்' 2015-ல் வந்த கேம். டொரன்டோவில் இருக்கும் ஸ்னோமேன் என்ற சின்ன நிறுவனத்தின் தயாரிப்பு. வந்த புதிதில் அதிலும் காசு உண்டு, ஸ்கோர் உண்டு, துரத்தி வரும் ஊர்ப் பெரியவர்கள் உண்டு. பின்னால் வந்த ஒரு புதுப்பிப்பில் 'ஜென் மோட்' என்று ஒன்றைச் சேர்த்தார்கள். சேர்த்தார்கள் என்று சொல்வது பேச்சு வழக்குக்காக. உண்மையில் எடுத்தார்கள். காசு, ஸ்கோர், துரத்தல், தோல்வி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மலையையும் சறுக்குகிறவனையும் மட்டும் விட்டுவைத்தார்கள். 2018-ல் வந்த 'ஆல்ட்டோஸ் ஒடிஸி' பனிக்குப் பதில் பாலைவனம். அதிலும் இதே ஏற்பாடு. ஜெயிப்பதற்கு ஒன்றுமில்லாத விளையாட்டு. அதை ராத்திரி பதினொரு மணிக்குப் படுக்கையில் கிடந்தபடி அரைமணி நேரம் ஆடுகிற ஆட்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

இந்த வகை, செல்போனோடு பிறந்ததில்லை. 1993 செப்டம்பரில் அமெரிக்காவில் 'மிஸ்ட்' வந்தது. ராண்ட் மில்லர், ராபின் மில்லர் என்ற அண்ணன் தம்பி உருவாக்கியது. ஆளரவமில்லாத ஒரு தீவு. ஒரு நூலகம், ஒரு கோளரங்கம், கரையோரம் மூழ்கிக் கிடக்கும் ஒரு கப்பல். எங்கே போக வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. சுட எதிரி இல்லை, ஓடித் தப்பிக்க அவசியமும் இல்லை. ஒரு படம், அதில் ஓரிடத்தைத் தொட்டால் அடுத்த படம். நடை என்பது அவ்வளவுதான். அந்தக் காலத்து ஒற்றை வேக சிடி டிரைவ் நொடிக்கு 150 கிலோபைட்தான் படிக்கும். அதை நம்பி ஓடுகிற உலகத்தைக் காட்ட முடியாது, நிற்கிற உலகத்தைக் காட்டலாம். ஆகவே ஒவ்வொரு காட்சியையும் ஆற அமர இழைத்து வைத்தார்கள். அலைச் சத்தமும் காற்றுச் சத்தமும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. அதே ஆண்டு டிசம்பரில் 'டூம்' வந்தது. ஓடு, சுடு, செத்தால் மறுபடி ஓடு. கேம் உலகம் டூம் போன வழியில்தான் போனது என்று பலரும் எழுதுவார்கள். ஆனால் 2002-ல் 'தி சிம்ஸ்' முந்துகிற வரை, அதிகம் விற்ற கம்ப்யூட்டர் கேம் என்ற பட்டம் மிஸ்டிடம்தான் இருந்தது. 60 லட்சம் பிரதிகளுக்கு மேல்.

பிற்பாடு இந்த வகைக்கு 'வாக்கிங் சிமுலேட்டர்' என்று பெயர் வந்தது. சும்மா நடக்கிறதெல்லாம் ஒரு கேமா என்ற கேலி. 2012-ல் வந்த 'டியர் எஸ்தர்' ஸ்காட்லாந்துக்கு மேற்கே ஒரு தீவில் நடந்துபோவதை மட்டுமே வைத்துச் செய்யப்பட்டது. அதைப் பலர் கிண்டல் செய்தார்கள். கேலிப் பெயர் கடைசியில் வகைப் பெயராகவே நிலைத்தது.

சரி, மகளின் கேள்வி. அறிவியலிடம் அதற்கு முழுப் பதில் ஒன்று கிடையாது. துண்டு துண்டாகச் சில பதில்கள் இருக்கின்றன. சில கெட்டியானவை, சில இன்னும் ஆடிக்கொண்டிருப்பவை.

வங்கிப் படிவம் ஒன்றை நிரப்பிக்கொண்டிருக்கிறீர்கள். பக்கத்து அறையில் சீரியல் ஓடுகிறது. படிவத்தை நிரப்புவது பெரிய காரியமில்லை. சீரியலைக் காதில் வாங்காமல் இருப்பதுதான் காரியம். மாமியார் என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ளத் துடிக்கிற மனசை ஒவ்வொரு நொடியும் இழுத்துப் பிடித்து உட்கார வைக்க வேண்டியிருக்கிறது. இப்படி வலிந்து செலுத்தும் கவனம் ஒன்று. தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும் கவனம் இன்னொன்று. 1890-லேயே வில்லியம் ஜேம்ஸ் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லிவிட்டார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ரேச்சல் காப்லன், ஸ்டீஃபன் காப்லன் தம்பதி அதை ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். முதல் வகைக் கவனம் தசையைப் போலக் களைத்துப்போகும் என்பது அவர்கள் வாதம். களைத்ததை மீட்க ஒன்றும் செய்யாமல் கிடந்தால் போதாது; கவலைகள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதிரடியான காட்சியும் உதவாது, அது மனசை மொத்தமாகப் பறித்துக்கொண்டு போய்விடும். தேவைப்படுவது நடுவில் ஒன்று. மேகம் நகர்வது, தண்ணீர் அசைவது, இலை ஆடுவது. கண்ணை லேசாகப் பிடித்து வைத்திருக்கும், ஆனால் பக்கத்தில் நம் நினைப்பு ஓடவும் இடம் விடும். இதற்கு அவர்கள் 'மென்மையான ஈர்ப்பு' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்து, 1989-ல் புத்தகமாக எழுதினார்கள்.

இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகளில் 2008-ல் வந்தது பேர்போனது. மார்க் பெர்மன், ஜான் ஜானிடிஸ், ஸ்டீஃபன் காப்லன் மூவரும் செய்தது. சோதனை எளிமையானது. எண்களைச் சொல்வார்கள், தலைகீழாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். 7, 2, 9, 4 என்றால் 4, 9, 2, 7. நாலு எண் வரை சுலபம். ஏழு, எட்டு என்று போகும்போது, திருப்பிக்கொண்டிருக்கும்போதே பின்னால் இருப்பது நழுவும். செய்து பாருங்கள், மண்டை காய்வது தெரியும். மாணவர்களை முதலில் களைப்படைய வைத்து, ஒரு முறை ஆன் ஆர்பர் நகரின் மரத்தோட்டத்திலும் இன்னொரு முறை அதே ஊரின் கடைத்தெருவிலும் ஏறக்குறைய 50 நிமிடம் நடக்கவிட்டார்கள். தோட்டத்தில் நடந்து வந்தபோது எண்கள் கூடுதலாக நினைவில் நின்றன. கடைத்தெரு நடையில் அந்த அளவுக்கு இல்லை. எனக்குப் பிடித்த விவரம் வேறொன்று. சிலர் நடந்தது ஜனவரி மாதம். மிச்சிகன் ஜனவரி என்றால் மூக்கு உறைகிற குளிர். அவர்களுக்கு அந்த நடை பிடிக்கவே இல்லை. ஆனாலும் பலன் கிடைத்தது. சந்தோஷம் வேறு, கவனம் மீள்வது வேறு.

அதே ஆய்வின் இரண்டாம் பகுதியில் யாரும் வெளியே போகவில்லை. அறைக்குள் உட்கார்ந்து இயற்கைக் காட்சிப் படங்களைப் பார்த்தார்கள். அதற்கும் கொஞ்சம் பலன் இருந்தது. படத்துக்கே இப்படியென்றால், மழை பெய்து வெயில் சாய்ந்து பறவை பறக்கிற ஒரு செல்போன் மலைக்கு? தாவிக் குதித்து முடிவுக்கு வந்துவிடத் தோன்றும். கூடாது. அந்தப் படச் சோதனையில் கலந்துகொண்டவர்கள் 12 பேர்தான். பின்னர் இதே கருத்தைச் சோதித்த ஆய்வுகளில் சிலவற்றில் பலன் தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. எனவே ஜென் மோட் மூளைக்கு மருந்து என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம். ஆனால் அந்த கேம் நம் மனசை எங்கே தொடுகிறது என்று புரிந்துகொள்ள காப்லன் தம்பதியின் யோசனையைவிட நல்ல கருவி எனக்கு அகப்படவில்லை.

அந்த மலைகளையே கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஆல்ட்டோவுக்குப் பின்னால் இருக்கும் மலைகள் வெறும் அட்டைகள். கணிதப்படி தட்டையான படங்கள், ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தப்பட்டவை. முன்னால் இருப்பது வேகமாக நகர்கிறது, அதற்குப் பின்னால் இருப்பது மெதுவாக, கடைசி அடுக்கு நகர்வதே தெரிவதில்லை. ரயில் ஜன்னலில் இதையேதான் பார்க்கிறோம். தந்திக் கம்பங்கள் விர்ரென்று பின்னால் ஓடும், பனைமரம் நடக்கும், தூரத்துக் குன்று நம்மோடேயே வரும், நிலாவோ நம் பெட்டியிலேயே டிக்கெட் எடுத்த மாதிரி கூடவே இருக்கும். இந்த வேக வித்தியாசத்தை வைத்தும் மூளை தூரத்தைக் கணக்கிடுகிறது. 1937-ல் டிஸ்னி நிறுவனம் 'தி ஓல்ட் மில்' என்ற குறும்படத்தில், ஓவியம் வரைந்த கண்ணாடித் தட்டுகளை அடுக்கடுக்காக வைத்து, மேலிருந்து கேமராவால் படம்பிடித்து இந்த மாயத்தைச் செய்தது. இப்போது அதே வித்தையைக் கட்டைவிரலுக்கு அடியில் ஒரு சில்லு செய்கிறது.

அடுத்து, வண்ணம். தூரம் போகப் போக மலைகள் வெளிறி நீலம் பாய்கின்றன. நிஜத்தில் இதற்குக் காரணம் காற்று. நமக்கும் மலைக்கும் நடுவே இருக்கும் காற்று மூலக்கூறுகள் நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கின்றன. தூரம் கூடக் கூட நடுவில் காற்றும் கூடுகிறது, மலையின் சொந்த நிறம் கரைந்துபோகிறது. கேம் செய்கிறவர்களுக்கு இந்த மூட்டம் ஒரு வரப்பிரசாதம். பெரும்பாலான போன்களுக்குள் விசிறி கிடையாது. நிறைய வரையச் சொன்னால் சூடேறும், சூடேறினால் சில்லு தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், பேட்டரியும் சாய்ந்துவிடும். தூரத்தில் இருப்பதை வரையாமல் விட ஒரு சாக்கு வேண்டும். மூடுபனியைப் போட்டுவிட்டால் தீர்ந்தது. சிடி டிரைவின் ஏழ்மை மிஸ்ட் தீவை நிற்க வைத்ததுபோல, போனின் ஏழ்மை இந்த மலைகளுக்குப் பனி போர்த்தியது. பார்க்கிற நமக்கோ அந்தப் பனிக்குப் பின்னால் இன்னும் என்னமோ இருக்கிறது என்று தோன்றுகிறது.

ஜே ஆப்பிள்டன் என்ற ஆங்கிலேயப் புவியியலாளர் 1975-ல் ஒரு யோசனை சொன்னார். மனிதக் கண்ணுக்கு எந்த நிலக்காட்சி பிடிக்கும்? தான் மறைந்திருந்து, எட்டும் தூரம் வரை பார்க்க முடிகிற இடம் பிடிக்கும். முதுகுக்குக் குகை, முகத்துக்குப் பரந்த வெளி. வேட்டையாடிய காலத்துப் பழக்கம் என்பது அவர் கணிப்பு. நிரூபிப்பது கடினம், ஆனால் ராத்திரி போர்வைக்குள் சுருண்டுகொண்டு ஐந்தங்குலத் திரையில் பாலைவனத்தைப் பார்க்கிறவரை நினைத்துக்கொண்டால் சிரிப்பும் வருகிறது, சரியென்றும் படுகிறது. திரை சின்னதாக இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. கண் நிறையக் காட்சி ஓடி, உடம்பு நகராமல் இருந்தால் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்புக்கும் கண்ணுக்கும் தகராறு வந்து குமட்டும். போன் திரை கண்ணின் ஒரு மூலையைத்தான் அடைக்கிறது. சுற்றிலும் தலையணை, சுவர் எல்லாம் அசையாமல் தெரிகின்றன.

இனி நடப்பதற்கு வருவோம். இதுதான் விஷயத்தின் மையம் என்பது என் கட்சி.

1971-ல் லண்டனில் ஜான் ஓகீஃப், எலியின் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிக்குள் மெல்லிய கம்பிகளை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கூண்டின் ஒரு குறிப்பிட்ட மூலைக்கு எலி போனால் ஒரு குறிப்பிட்ட செல் மட்டும் படபடவென்று துடித்தது. வேறு மூலைக்குப் போனால் அது அடங்கி, வேறொன்று துடித்தது. ஒவ்வொரு செல்லும் ஓரிடத்துக்குக் காவல். 2005-ல் நார்வேயில் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் தம்பதியின் குழு பக்கத்துப் பகுதியில் இன்னும் விசித்திரமான செல்களைக் கண்டது. அவை ஒரே இடத்தில் துடிக்கவில்லை. எலி அறையெங்கும் திரியும்போது சம தூரம் விட்டு விட்டுத் துடித்தன. அந்த இடங்களைத் தாளில் குறித்தால் முக்கோண வரிசையில் புள்ளிகள். நம் வீட்டு வாசலில் ஊடுபுள்ளி வைத்த கோலத்துக்குப் புள்ளி குத்தியதுபோல. மூளை, தான் நிற்கும் தரைக்குத் தானே புள்ளி வைத்துக்கொள்கிறது. மூவருக்கும் 2014-ல் நோபல் பரிசு.

இதெல்லாம் காலால் நடந்தால்தானே, கட்டைவிரலால் நடந்தால்? 2003-ல் ஒரு பதில் கிடைத்தது. வலிப்பு நோய்க்கு அறுவை சிகிச்சை செய்யுமுன் நோயின் ஊற்றைக் கண்டுபிடிக்கச் சிலருக்கு மூளைக்குள் மின்முனைகளைப் பொருத்தி வைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட ஏழு பேரிடம் ஒரு கம்ப்யூட்டர் கேமைக் கொடுத்தார்கள். கற்பனை நகரம் ஒன்றில் டாக்சி ஓட்டி, பயணிகளை ஏற்றிக் கடைகளில் இறக்க வேண்டும். அவர்கள் படுக்கையில்தான் இருந்தார்கள். ஆனால் திரையில் குறிப்பிட்ட தெருவுக்கு டாக்சி போனபோது ஹிப்போகாம்பஸில் குறிப்பிட்ட செல்கள் துடித்தன. ஆக, இல்லாத ஊருக்கும் மூளை வரைபடம் போடுகிறது. ஒரு மறுப்பையும் சொல்லிவிட வேண்டும். கலிபோர்னியாவில் மயங்க் மேத்தாவின் ஆய்வகத்தில் எலிகளை மெய்நிகர் அறைக்குள் நடக்க வைத்தபோது, நிஜ அறையில் துடிக்கும் செல்களில் பாதிக்கும் மேல் ஓய்ந்தே கிடந்தன. திரை உலகம் மூளைக்கு அரைச் சாப்பாடுதான்.

அரைச் சாப்பாடும் உடம்பில் ஒட்டுகிறது போலிருக்கிறது. 2015-ல் கிரிகரி கிளெமென்சன், கிரேக் ஸ்டார்க் இருவரும் கேம் பழக்கமில்லாத கல்லூரி மாணவர்களைப் பிரித்து, ஒரு குழுவுக்கு முப்பரிமாண மாரியோ கேமும் இன்னொரு குழுவுக்கு ஆங்ரி பேர்ட்ஸும் கொடுத்தார்கள். தினம் 30 நிமிடம், இரண்டு வாரம். பிறகு நினைவுச் சோதனை. ஏற்கெனவே காட்டிய பொருள்களின் படங்களோடு, கிட்டத்தட்ட அதேபோல இருக்கும் வேறு படங்களையும் கலந்து காட்டுவார்கள். இது அதே ஆப்பிளா, அதன் தம்பியா? இந்த நுணுக்கமான வேறுபாடு ஹிப்போகாம்பஸின் வேலை. மாரியோ உலகில் சுற்றியவர்கள் முன்னேறியிருந்தார்கள், பறவையை எறிந்தவர்கள் முன்னேறவில்லை. மாரியோ நிதானமான கேம் இல்லை என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. உண்மைதான். மூளை கூலி கொடுப்பது வேகத்துக்கு இல்லை, சுற்றிப் பார்க்க விரிந்த இடத்துக்கு என்பது அவர்கள் கணிப்பு. நிதான கேம்கள் வேகத்தைக் கழித்துவிட்டு இடத்தை வைத்துக்கொண்டன.

இந்த இடம் அறியும் திறமையை அளக்கவே ஒரு செல்போன் கேம் செய்தார்கள். 2016-ல் வந்த 'சீ ஹீரோ குவெஸ்ட்'. டிமென்ஷியா ஆராய்ச்சிக்காக டாய்ச்சே டெலிகாமின் பணத்தில், லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் ஹியூகோ ஸ்பியர்ஸ் உள்ளிட்ட விஞ்ஞானிகள் வடிவமைத்தது. ஒரு சின்னப் படகு. கடல் வழியின் வரைபடத்தைக் காட்டிவிட்டு மறைத்துவிடுவார்கள். ஞாபகத்தை வைத்துக்கொண்டு மிதவைகளை வரிசையாகத் தேடிப் போக வேண்டும். 40 லட்சம் பேருக்கு மேல் ஆடினார்கள். 2022-ல் 'நேச்சர்' இதழில் வந்த கட்டுரை, 38 நாடுகளைச் சேர்ந்த 3,97,162 பேரின் ஆட்டத்தை அலசியது. நகரத்தில் வளர்ந்தவர்களைவிட நகரத்துக்கு வெளியே வளர்ந்தவர்கள் வழி கண்டுபிடிப்பதில் தேர்ந்தவர்களாக இருந்தார்கள். அதிலும், சிகாகோபோலச் சதுரக் கட்டமாகத் தெருக்கள் ஓடும் ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இழப்பு அதிகம். பிராகுபோலக் கோணல் மாணல் தெருக்களில் வளர்ந்தவர்களுக்கு அவ்வளவு இல்லை. சந்துக்குள் சந்து புகுந்து பள்ளிக்கூடம் போன தலைமுறை இதைப் படித்துக் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

வரைபடம் போடுவது சரி. அதில் சுகம் எங்கிருந்து வருகிறது? டோபமைன் என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. கொஞ்சம் பிரித்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்துப் பார்த்த சோதனைகளில், எதிர்பார்த்த சாறு கிடைத்தபோது டோபமைன் செல்கள் அலட்டிக்கொள்ளவில்லை. எதிர்பாராமல் கிடைத்தபோது துள்ளின. எதிர்பார்த்தது வராதபோது ஓய்ந்தன. எதிர்பார்ப்புக்கும் நடப்புக்கும் உள்ள இடைவெளிக்கே துடிப்பு. வழக்கமான போன் கேம்களின் பரிசுப்பெட்டி இந்த இடைவெளியை வாடகைக்கு எடுத்த வியாபாரம். அடுத்த பெட்டியில் என்ன வரும் என்று தெரியாது, ஆகவே அடுத்த பெட்டி, அடுத்த பெட்டி.

நிதான கேமிலும் எதிர்பார்ப்பு இருக்கிறது. பெட்டிக்குப் பதில் குன்று; அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்ற ஆவல். 2014-ல் மத்தியாஸ் குரூபர் குழு செய்த சோதனையில், பொது அறிவுக் கேள்விகளைக் கேட்டுவிட்டு, பதில் வருவதற்கு முன்னால் சில நொடிகள் காத்திருக்க வைத்து, நடுவில் சம்பந்தமில்லாத ஒரு முகத்தைக் காட்டினார்கள். எந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தே ஆக வேண்டும் என்று தவித்தார்களோ, அந்த நேரத்தில் வந்த முகம் கூடுதலாக நினைவில் நின்றது. ஆவல் கிளம்பும்போது டோபமைன் பகுதியும் ஹிப்போகாம்பஸும் கைகோத்து வேலை செய்வது ஸ்கேனில் தெரிந்தது. பதிலுக்காகத் திறந்த கதவு வழியாக வழிப்போக்கர்களும் உள்ளே வந்துவிடுகிறார்கள். 'ஜர்னி' கேமை ஆடியவர்களுக்கு இது புரியும். 2012-ல் ஜெனோவா சென் தலைமையில் உருவானது, 2019-ல் ஐபோனுக்கு வந்தது. தொடங்கும்போதே வெகு தூரத்தில் உச்சியில் ஒளி வடியும் ஒரு மலை தெரியும். ஒரு வார்த்தை விளக்கம் இல்லை. எல்லோரும் அதை நோக்கி நடக்கத் தொடங்குகிறார்கள். போகிற வழியில் மணல் மின்னியது, சால்வை காற்றில் நீண்டது எல்லாம் வருடக்கணக்கில் மனசில் நிற்கிறது.

ஜர்னியில் இன்னொரு பாடமும் உண்டு. நடக்கும்போது இன்னொரு மனிதர் எதிர்ப்படுவார். உலகின் எந்த மூலையில் ஆடுகிறவரோ; பெயர் தெரியாது, பேச முடியாது, ஒரு மணியோசை மட்டும் எழுப்பலாம். ஆரம்ப வடிவத்தில் ஒருவரையொருவர் தொட்டுத் தள்ள முடிந்தது. தடையைத் தாண்ட ஒருவருக்கொருவர் கைகொடுப்பார்கள் என்று நினைத்துத்தான் வைத்தார்கள். நடந்ததோ, ஒருவரையொருவர் பள்ளத்தில் தள்ளி வேடிக்கை பார்த்தார்கள். சென் மனம் நொந்து ஒரு குழந்தை உளவியலாளரிடம் போனதாகச் சொல்லியிருக்கிறார். புது உலகில் விழும் மனிதர் குழந்தை மாதிரி; எதைச் செய்தால் அதிக விளைவு கிடைக்கிறதோ அதையே செய்வார், விளைவை எடுத்துவிடுங்கள் என்று பதில் வந்தது. தள்ள முடியாதபடி செய்தார்கள். கூட்டாகத் திரிவது ஆரம்பித்தது. உபதேசம் ஒன்றும் தேவைப்படவில்லை.

அதே சென் 2019-ல் செல்போனுக்கென்றே செய்தது 'ஸ்கை'. மேகங்களுக்கு நடுவே பறக்கலாம், முன்பின் தெரியாதவரின் கையைப் பிடித்துக்கொண்டு போகலாம். அழகுக்குக் குறைவில்லை. ஆனால் இலவச கேம் என்பதால் எங்காவது காசு பார்க்க வேண்டும். ஆகவே சேகரிக்க மெழுகுவத்திகள், தினசரி வேலைகள், பருவத்துக்கொரு பாஸ். கோயிலுக்குள் கடை வைத்த மாதிரி. தரிசனம் கிடைக்கிறது, நடுவே கடையையும் சுற்றி வர வேண்டியிருக்கிறது. என்னைக் கேட்டால், நிதான கேமுக்கு ஒரே விலை சொல்லி முதலிலேயே வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடுவதுதான் மரியாதை.

இது வெறும் ரசனைப் பேச்சு இல்லை என்று சொல்ல ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு ஒன்று கைகொடுக்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில் ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி குழு, நிறுவனங்களிடமிருந்தே ஆட்ட நேரக் கணக்கை வாங்கி 3,274 பேரின் மனநிலையோடு ஒப்பிட்டது. ஊரடங்கில் உலகமே மூழ்கிய 'அனிமல் கிராசிங்'கும் அதில் ஒன்று. அதிக நேரம் ஆடியவர்கள் சற்றே நல்ல மனநிலையில் இருந்தார்கள். கேம் நல்லது என்று தலைப்புகள் ஓடின. 2022-ல் அதே குழு ஏழு கேம்கள், 38,935 பேர் என்று விரித்து, காலப்போக்கில் பின்தொடர்ந்தபோது நேரத்துக்கும் மனநிலைக்கும் சொல்லிக்கொள்ளும்படி உறவு இல்லை. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒன்று மட்டும் நின்றது. தனக்குப் பிடித்து ஆடியவர்கள் கொஞ்சம் மேல், ஆடியே தீர வேண்டும் என்ற நெருக்கடியில் ஆடியவர்கள் கொஞ்சம் கீழ். தினசரி மெழுகுவத்தி சேர்க்கிற கடமை எந்தப் பக்கம் சேரும் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இசையைப் பற்றி இரண்டு வரி. 2006-ல் லூசியானோ பெர்னார்டி இத்தாலியில் 24 பேருக்கு விதவிதமான இசையைப் போட்டு மூச்சையும் நாடியையும் அளந்தார். அதில் ஓர் இந்திய ராகமும் உண்டு. வேகமான தாளத்துக்கு மூச்சு வேகம் பிடித்தது. ஆனால் உடம்பு மிக அதிகமாகத் தளர்ந்தது எந்த இசையிலும் இல்லை. நடுவில் விட்ட இரண்டு நிமிட மௌனத்தில். மிஸ்டின் தீவில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்ட நேரங்களை இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

கழற்றுவதில் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டது ஒரு ஜப்பானிய கேம். 2017-ல் ஹிட்-பாயின்ட் நிறுவனம் வெளியிட்ட 'தபிகயேரு'. ஜப்பானிய மொழியில் மட்டுமே இருந்தும், 2018 தொடக்கத்தில் சீனாவில் மொழி தெரியாமலே வாசகங்களை ஊகித்து ஆடும் அளவுக்குப் பித்துப் பிடித்தது. இதில் கடிகாரம் இல்லை, கணக்கு இல்லை, பயம் இல்லை. நடக்கிற வேலைகூட நமக்கு இல்லை. ஒரு குட்டி வீடு, அதில் ஒரு தவளை. புத்தகம் படிக்கும், சாப்பிடும், தூங்கும். நாம் தோட்டத்தில் முளைக்கும் இலைகளைப் பறித்து, அதைக் கொடுத்துச் சாப்பாடு வாங்கி, மூட்டை கட்டி வைக்கலாம். தவளைக்குத் தோன்றினால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பிவிடும். எங்கே, எப்போது, எத்தனை நாள், எதையும் நாம் கேட்க முடியாது. எப்போதாவது ஒரு புகைப்படம் அனுப்பும். குன்றுக்கு அந்தப் பக்கம் போவது அது. அந்தப் பக்கம் என்ன இருந்தது என்று படத்தில் பார்ப்பது நாம். 'தபி' என்றால் பயணம், 'கயேரு' என்றால் தவளை. உச்சரிப்பு மாறாமல் 'கயேரு'வுக்குத் திரும்பி வருவது என்றும் பொருள் உண்டு.

போன வாரம் இதை மகளின் போனில் போட்டுக் கொடுத்தேன். முதல் நாள், என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். ஒன்றும் செய்ய வேண்டாம் என்றேன். நம்பவில்லை. நேற்றுக் காலை பள்ளிக்குக் கிளம்புமுன் திறந்து பார்த்தபோது வீடு காலி, மூட்டையையும் காணோம். சாயங்காலம் பார்த்தாள், வரவில்லை. தூங்கப் போகும் முன்னால் பார்த்தாள்.

"எப்பப்பா வரும்?"

"தெரியலம்மா."

கொஞ்ச நேரம் காலி வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையிலிருந்த இலைகளுக்கு இன்னொரு சாப்பாடு வாங்கி, அது வந்தால் எடுத்துக்கொள்ளட்டும் என்று மேஜைமேல் வைத்துவிட்டுப் போனை அணைத்தாள்.